பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்

பன்னிரண்டு மணிக்கு முள் நாற்பத்து நான்கில் நின்றது. பூதலிங்கம் குனிந்து பார்த்துவிட்டு, "நாப்பத்து நாலு" என்று சத்தமாகச் சொன்னார். மரத்துக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நஸ்ரின் எழுதிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு ஐம்பத்தொன்று, பத்துக்கு நாற்பத்தொன்பது, பதினொன்றுக்கு நாற்பத்தாறு, இப்போது இது. வெயில் ஏற ஏற மரம் இளைத்துக்கொண்டு வந்தது. இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை நூறாக வகிர்ந்தால் அதில் ஒரு பங்குதான் டயலில் ஒரு கோடு. மங்குஸ்தான் மரத்தின் கட்டைக்குள் ஒரு கம்பியை முறுக்கி இறக்கி, அந்தக் கம்பியில் டயலை மாட்டி, டயலின் மூக்கு பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி வைத்திருந்தார்கள். கட்டை அசையாது. பட்டைதான் பகலில் வற்றி ராத்திரியில் ஊறும். ஊறினால் மூக்கைத் தள்ளும், முள் ஏறும், வற்றினால் இறங்கும். மலையடிவாரத்துப் பழப்பண்ணையில் முப்பத்தோரு வருஷம் களப்பணி பார்த்தவர் பூதலிங்கம். அதில் பத்து வருஷம் இந்த ஒரு மரத்துக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்தவர். ஓய்வு பெற்றுத் தென்காசியில் மகன் வீட்டு மாடியில் இருந்தவரை, ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கப்போகிற இந்தக் கடையநல்லூர்ப் பெண்தான் தேடி வந்து கூப்பிட்டாள். பழைய மரத்திலேயே பழைய டயலிலேயே மூன்று மாதம் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும், அதற்குப் பழைய ஆளே வேண்டும் என்றாள்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சாயந்திரம் கட்டுரைய அனுப்பிருதேன். ஒரே ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளுங்கம்மா."

"பழைய நோட்டுல ஒரு ஜூலை பதினேழு. இருபத்திமூணு வருசத்துக்கு முந்தி. அன்னைக்குச் சாரல். மழைமானிப் புஸ்தகத்துல வாட்ச்மேன் எழுதி வச்சிருக்காரு, ஒம்பதரைக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணி வரைக்கும் விடாமத் தூறல்னு. மழைன்னா நீங்க எண்ணு எழுத மாட்டீயளே, கோடுதான போடுவீய? அன்னைக்கு மட்டும் எண்ணு இருக்கு."

பூதலிங்கம் டயலின் கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"அதுல என்ன அதிசயம்னா" என்று அவள் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். "இலையெல்லாம் நனைஞ்சு கெடக்கும்போது இலை தண்ணிய இழுக்காது. இழுக்கலன்னா பட்டை வத்தக் கூடாது. ஆனா உங்க நோட்டுல மரம் வெயில் நாள் மாதிரியே வத்தியிருக்கு. நாப்பத்தொண்ணு வரைக்கும் எறங்கியிருக்கு. அப்ப, பட்டையில கெடந்த தண்ணிய இலை இழுக்காமலே கட்டை எடுத்திருக்கு. யாரு சொல்லி எடுத்துச்சு, எதுக்கு எடுத்துச்சு? என் கட்டுரையே அந்த ஒரு நாள் மேலதான் நிக்கி அண்ணாச்சி. கேக்கிறவங்க மொதல்ல கேக்கிறது, யாரு எடுத்த ரீடிங்னுதான். நான் தைரியமாச் சொல்லுவேன். பண்ணையில கடிகாரம் தப்பினாலும் அண்ணாச்சி ரீடிங் தப்பாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அன்னைக்கு நீங்கதான எடுத்தீய?"

"சாப்பிட்டுட்டு வாங்கம்மா. ஒரு மணிக்குச் சொல்லுதேன்."

"இப்பச் சொன்னா வாயி வலிக்குமாக்கும்? ரொம்ப யோசிக்காதீய, முடி கொட்டிரும்."

"கொட்டுறதுக்கு அங்க என்ன இருக்கு."

சிரித்துக்கொண்டே அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூம் நிழலுக்குப் போனாள். அவள் போன பிறகும் அவர் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முள் இரண்டு மூன்று கோடு இறங்கும், அவ்வளவுதான் இந்த உலகத்தில் நடக்கவேண்டியது, மற்றதெல்லாம் மனுஷன் இழுத்துவிட்டுக்கொள்வது. அவர் மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து பட்டையில் உள்ளங்கையை வைத்தார். சொரசொரவென்று, நிழலிலும் இளஞ்சூடாக இருந்தது. இதற்குள்ளே இப்போது போய்க்கொண்டிருக்கிறது. சத்தமில்லாமல், கதவில்லாமல், ஒரு குழாயும் இன்னொரு குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய சுவர் வழியாக. மகன் பன்னிரண்டாவது படித்தபோது அவனுடைய தாவரவியல் புத்தகத்தை அவனைவிட அதிகமாகப் படித்தது அவர்தான். சைலம், புளோயம் என்று அதில் போட்டிருந்தது. அவருக்கு வாயில் வந்தது கட்டை, பட்டை என்றுதான். வேர் உறிஞ்சுகிற தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கிற இனிப்பு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. இனிப்பு தானாக நடந்து வராது, அதைத் தூக்கிக்கொண்டு வரத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைப் பட்டை கட்டையிடமிருந்துதான் வாங்குகிறது. உச்சியில் வாங்குகிறது, கீழே வேர்ப்பக்கம் இனிப்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பக் கட்டைக்கே கொடுத்துவிடுகிறது. ஏறின தண்ணீர்தான் இறங்குகிறது, இறங்கின தண்ணீர்தான் மறுபடி ஏறுகிறது. இதைப் படித்த அன்று அவர் சைக்கிளை நடுவழியில் நிறுத்திவிட்டு ரோட்டோரத்துப் புளியமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன், என்ன வே, மரத்துல பேய் கீய் இருக்கா என்றான். பேய்தான். மத்தியான வெயிலில் இலை இழுக்கிற இழுப்புக்கு வேர் கொடுக்கிறது போதாமல் போகும்போது கட்டை பக்கத்தில் இருக்கிற பட்டையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கேட்பதில்லை. பட்டை வற்றுகிறது, முள் இறங்குகிறது. வெயில் தாழ்ந்த பிறகு எடுத்ததைத் திரும்பக் கொடுக்கிறது. மரம் கொடுத்துவிடுகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு கல்லில் இடறின மாதிரி நின்றது. அவர் கையைப் பட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது. இருபத்து மூன்று வருஷமாக யாரும் கேட்காத அந்த எண்கள் கூப்பிட்டதும் வந்து வரிசையாக நின்றன. நோட்டில் இல்லாத எண்கள். நோட்டில் இருப்பது நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று.

அன்றைக்கு அவர் பண்ணையில் இல்லை. அதை முதலில் சொல்லவேண்டும். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. ரீடிங் தவறக்கூடாது. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மணிக்கு ஒரு தடவை, பிறகு சாயங்காலம் ஆறுக்கு. ஒன்பது மணி ரீடிங்கை அவரே எடுத்தார், ஐம்பது. அதே பண்ணையில் களை பறிக்கிற பெண்களோடு குனிந்து நின்ற மனைவி உலகம்மாளைக் கூப்பிட்டார். ஏளா, இங்க வா, இந்த முள்ளு எந்த எண்ணுல நிக்குதுன்னு மணிக்கொருதரம் பாத்து எழுதி வையி. இதுதானா பெரிய வேலை, இதுக்குத்தான் அரசாங்கம் சம்பளம் குடுக்கா என்று அவள் சிரித்தாள். அஞ்சாவது வரை படித்தவள்தான், எண் தெரியும், மணி பார்க்கத் தெரியும். அவளுக்குப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும், ஆனால் அவர் ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார். அந்த டயலில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். வெளிவட்டத்தில் கறுப்பு, வலமாக ஏறிப்போகும். உள்வட்டத்தில் சிவப்பு, இடமாக ஏறிப்போகும். கறுப்பில் ஐம்பத்தெட்டு இருக்கிற இடத்தில் சிவப்பில் நாற்பத்திரண்டு இருக்கும். ஐம்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. கறுப்பைப் பார் என்று அவளிடம் சொன்னாரா? சொன்னார். விரலை வைத்துக் காட்டி, இந்தா, இந்தக் கறுப்பு எண்ணு என்று சொன்னது காதில் இருக்கிறது. சொல்லவில்லை. ஒன்பது இருபது பஸ், அவசரம், முள்ளைப் பாத்து எழுது என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினதும் காதில் இருக்கிறது. எந்தக் காதை நம்புவது. தென்காசியில் சுள்ளென்று வெயில். தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிப்போனது. மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது, ஆனி ஆடியில் அது தினமும் உட்கார்ந்திருப்பதுதான். ஆறு மைல் தள்ளி அடிவாரத்தில் சாரல் அடிக்கும், டவுனில் ரோடு காய்ந்து கிடக்கும். அந்த ஊரில் பிறந்த நாய்க்கும் தெரியும் அது. அவருக்குத் தெரியாதா.

தெரியும். அதுதான் விஷயம். ஐந்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பண்ணை காய்ந்து கிடந்தது, காற்று அப்படி. சாரல் ஈரம் காற்றுக்கு எவ்வளவு நேரம் நிற்கும். காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது. மத்தியானத்தில் மரம் வீங்குகிறது என்று எழுதி வைத்திருந்தாள். எந்த மரம் மத்தியானத்தில் வீங்கும்? பத்து வினாடிகூட ஆகவில்லை அவருக்கு. நூறில் கழித்தார். நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று. அடேயப்பா, என்ன அழகாக இறங்கியிருக்கிறது. சிவப்பைப் பார்த்து எழுதியிருக்கிறாள், கழுதை. அந்தச் சந்தோஷம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது, வாயில் ஒரு வெல்லக்கட்டியை ஒதுக்கிக்கொண்ட மாதிரி. தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதை நோட்டில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். களை பறிக்கிற பெண்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்கு நேராகப் போனார். ஏளா, கறுப்பு எது செவப்பு எதுன்னு தெரியாத மூதேவிய நம்பி ஒரு வேலைய ஒப்படைச்சிட்டுப் போனேன் பாரு என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். கறுப்பு செவப்பு தெரியாமத்தான் இத்தன வருசமா வத்தல் காயப்போட்டு எடுக்கேனாக்கும் என்றாள். அதற்கும் பெண்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரைப் பார்த்து. அதுதான் அவரைச் சுட்டது. அப்புறம் அவள் சிரிப்பை விட்டுவிட்டு, நான் வெளிய இருக்கிற கறுப்பு எண்ணத்தான் பாத்தேன், தூறிக்கிட்டே இருந்துச்சு, சாக்கப் போத்திக்கிட்டு நின்னு பாத்தேன், முள்ளு ஏறிச்சு, ஏறிச்சுன்னு எழுதினேன், கண்ணால பாத்ததச் சொல்லுதேன் என்றாள். தொட்டிச் சுவரில் அந்தச் சாக்கு கிடந்தது. நனைந்த சணலின் வாடை வந்தது. அவர் மூக்கு அதை வாங்கிக்கொண்டது, அவர் வாங்கவில்லை. சாரலெல்லாம் ஒரு மழையாளா, படிச்சவங்க பத்து வருசமா எழுதினது பொய்யி, நீ ஒரு நாள் பாத்ததுதான் நெசமாக்கும், போ போ, போயி களையப் பறி, அதுல ரெண்டு கலரும் கெடையாது என்றார். அவள் சாக்கை எடுத்து உதறிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இந்த மரத்தடிக்கு அவள் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கேட்டடி ரூமில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் அதைக் கவனித்தாரா என்றால், கவனித்தார். நடக்கிற தூரம் மிச்சம் என்று வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம். அதற்குமேல் அவள் இருக்கவில்லை. வயிற்றில் கட்டி. அதை நினைக்கக்கூடாது, இப்போது நினைக்கவேண்டியது நோட்டு, மதியம் ஒரு மணி, அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டிய பதில். மோட்டார் ரூம் நிழலில் நஸ்ரின் சாப்பிட்டு முடித்துவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி. நல்ல பிள்ளை. வாப்பா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரை வந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை என்று ஒருநாள் சொன்னாள். வயிற்றில் கட்டி. பெரிய டாக்டர் அல்ல, டவுனில் ஒரு சின்ன டாக்டர், மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாப்பூ. எத்தனை நாளாம்மா வலி என்று கேட்டார். ரெண்டு மாசமா இருக்கு சார் என்றாள் அவள். அவர் பக்கத்தில் நின்றார். அவ அப்பிடித்தான் சார் சொல்லுவா, ஒரு பத்து நாளாத்தான், வாயு மாதிரித் தெரியுது என்றார். டாக்டர் அவரைப் பார்த்து எழுதினார். எழுதினது பத்து நாள். அவள் மறுக்கவில்லை. மறுக்கிறவள்தான், தொட்டியடியில் மறுத்தவள்தான், அங்கே மறுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்? பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு மாதமாக வலித்திருந்தால் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று நினைத்தார். இரண்டு மாதமாக ஒரே அடுப்படி, ஒரே பாய். ஆகவே பத்து நாளாகத்தான் இருக்கவேண்டும். அங்கேயும் கழித்தார். முன்னமே வந்திருந்தால் என்று பெரிய ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள், அந்தச் சொல் மட்டும் போகவில்லை. சரி. அது வேறு, இது வேறு. இங்கே நடந்தது ஒரு கணக்குத் தப்பு, சிவப்பு என்று நினைத்துத் திருப்பி எழுதினது, யாருக்கும் வருவது, நல்லெண்ணத்தில் செய்தது. அப்படியே சொல்லிவிடலாம். நல்லெண்ணத்தில் செய்தது என்று சொல்லிவிடலாம். மரத்தில் ஒரு கட்டெறும்பு டயலின் சட்டத்தின்மேல் ஏறி, விளிம்பு வளையத்தைச் சுற்றி நடந்து, தொடங்கின இடத்துக்கே வந்து, மறுபடியும் சுற்றத் தொடங்கியது. வளையம்.

ஆறு மணி ரீடிங்கை அன்றைக்கு யார் எடுத்தது? அவர்தான் எடுத்தார். இருபத்து மூன்று வருஷமாக அவர் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் தொட்டியடியோடு நிறுத்திக்கொள்வார். காலண்டர் தாள், கழித்தல், தொட்டியடி, அவ்வளவுதான் அந்த நாள், அங்கேயே இருட்டிவிட்டது என்பது போல. இருட்டவில்லை. ஜூலை மாதத்து ஆறு மணி, நல்ல வெளிச்சம். அவர் நடந்து வந்து, இந்த இடத்தில், இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தில் நின்று குனிந்தார். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. கறுப்பில். அவர் கண்ணால். அவள் சொன்னது சரியாக இருந்தால்தான் முள் அங்கே நிற்கமுடியும். நாற்பத்தொன்றுக்கு இறங்கின மரம் சாயங்காலத்துக்குள் ஊறினாலும் ஐம்பதைத் தொடும், ஐம்பதைத் தாண்டி எட்டுக் கோடு எங்கிருந்து வரும்? பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம்? தூரத்தில் பெண்கள் பேசிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது, அவள் குரல் அதில் இல்லை. போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஏளா நில்லு என்று ஒரு சத்தம் போதும். அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையத்தில் வைத்தார். டயலின் விளிம்பு வளையம் திரும்பும், எண் தகடும் அதோடு சேர்ந்து திரும்பும். டயலை மாட்டுகிற அன்று தொடக்கத்தைச் சரிசெய்வதற்காக இருக்கிற வசதி அது, அதற்குப் பிறகு அதைத் தொடக்கூடாது. விரலுக்கு அதன் பொடிப்பொடியான பற்கள் தெரிந்தன. அறிவுகெட்டவ சட்டத்துல இடிச்சிருப்பா என்று வாயால் சொன்னார், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, வாய்விட்டு. திருப்பினார். எட்டுக் கோடு. முள் ஐம்பதில் வந்து நின்றது. ஐம்பது என்று எழுதினார். அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. இடித்திருப்பாள் என்று நினைத்து அவர் திருப்பவில்லை. திருப்புவதற்காக அப்படி நினைத்தார். சாரலில் சாக்கைப் போத்திக்கொண்டு அவள் நின்றது நிஜம், முள் ஏறினது நிஜம், மழை நாளில் இலை இழுக்காது, எடுப்பார் இல்லாமல் பட்டை ஊறிக்கொண்டே போகும், மகனுடைய புத்தகத்திலிருந்தே அவர் படித்து வைத்திருந்தது. எல்லாம் கையில் இருந்தது. பெண்கள் சிரித்தது மட்டும் காதில் இருந்தது.

நஸ்ரின் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் கால் மணி நேரம். ஒன்றும் சொல்லாமல் விடலாம், ஆமாம்மா நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை, அவள் சந்தோஷமாகப் போவாள். இலை இழுக்காமலே கட்டை எடுத்தது என்று உலகத்தில் எங்கெங்கோ படிப்பார்கள், வேறு யாரோ வேறு மரத்தில் கம்பியை இறக்கித் தேடுவார்கள், மழையில் நின்று தேடுவார்கள், கிடைக்காது. நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர்கள் தங்களைச் சந்தேகப்பட்டுக்கொள்வார்கள். அல்லது பாதி சொல்லலாம். அன்னைக்குச் சாரல்ங்கிறத கவனிக்காமக் கோடு போட விட்டுப்போச்சும்மா, மழையில நனைஞ்ச பட்டைய நம்ப முடியாது, அந்த நாள அடிச்சிருங்க. அது பொய்யும் இல்லை. பண்ணை வழக்கமே அதுதான். பேரும் போகாது. உலகம்மா பேச்சே வராது. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கினது, தண்ணீர் குடித்தது போல. அந்த நிம்மதியின் ருசி அவருக்குத் தெரிந்த ருசிதான். வெல்லக்கட்டி. எழுந்து நின்றார், முட்டி இரண்டும் சொடுக்கின.

"என்ன அண்ணாச்சி, ஒரே யோசனை? ஒரு மணியாவப் போவுது" என்று கையை உதறிக்கொண்டே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மடிமேல் நோட்டை விரித்தாள்.

"ஐம்பத்திரெண்டு, ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு, ஐம்பத்தொம்பது" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு எண்ணு. ஜூலை பதினேழு. நான் எடுக்கலம்மா. நான் தென்காசிக்குப் போயிட்டேன். எம் பெண்டாட்டி எடுத்தா. களை பறிக்கிற வேலை பாத்தா இங்க. உலகம்மாள்னு பேரு. அவ சரியாப் பாத்துச் சரியா எழுதினா. நான் வந்து, அவ செவப்பு எண்ணப் பாத்துட்டான்னு சொல்லி, நூறுலருந்து கழிச்சு எழுதிட்டேன்."

நஸ்ரின் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. அவள் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"சரியா வருது" என்றாள் மெதுவாக. பிறகு, "ஆனா ஆறு மணிக்கு ஐம்பதுன்னு இருக்கே? அது அவங்க சொல்லுத எண்ணோட ஒட்டாதே?"

"ஆறு மணிக்கு ஐம்பத்தெட்டு. நான் பாத்தேன். வளையத்தைத் திருப்பி ஐம்பதுல வச்சேன்."

"தெரியாமத் திருப்பிட்டீயளா?"

"தெரிஞ்சுதான்."

காற்று வந்து மங்குஸ்தான் இலைகளைத் தடதடவென்று அடித்துவிட்டுப் போனது. நஸ்ரின் நோட்டை ஒரு பக்கம் புரட்டினாள், திரும்பப் புரட்டினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பச் சாரல்ல மரம் வீங்கியிருக்கு" என்றாள். "எல்லா மரமும் வீங்கும் அண்ணாச்சி. இதுல எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஆமாம்மா. ஒண்ணுமே இல்ல. அவ பாத்தது சாதாரண விஷயம்தான்."

"உங்க வீட்டம்மா... இப்ப?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கட்டுரையோடு திறந்து கிடந்த மடிக்கணினியைச் சாத்தினாள். பிறகு அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"வளையத்த அந்த ஒரு தடவதான் திருப்பினீயளா? பத்து வருசத்துல?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு தடவைதான், சத்தியமாக, என் பிள்ளைமேல் ஆணையாக. சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பத்து வருஷம், நாளைக்கு ஆறு தடவை. அத்தனை தடவை குனிந்ததில் முள் எதிர்பாராத இடத்தில் நின்ற நாட்கள் இருந்திருக்குமே. அந்த நாட்கள் எங்கே? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எல்லா நாளும் அழகாக இறங்கி அழகாக ஏறின நாட்களாகவே நினைவில் இருந்தன. விரல் நுனியில் அந்தப் பற்களின் சொரசொரப்பு தெரிந்தது. அது ஒரு நாளின் சொரசொரப்பா, பல நாளினுடையதா என்று விரலுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றார்.

அவள் தலையாட்டவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அவர் திரும்பிக் குனிந்தார். வெயில் இலைகளுக்கு நடுவே புகுந்து கண்ணாடியில் ஒரு சின்ன வட்டமாக விழுந்து கிடந்தது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார். கறுப்புதானா என்று பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு" என்றார்.

பேனா தாளில் ஓடுகிற சத்தம் வரவில்லை. நாற்காலி நகர்ந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நஸ்ரின் எழுந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள், மரியாதையாகத்தான். அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் குனிந்தாள், முகத்தை டயலுக்கு வெகு அருகில் கொண்டுபோனாள், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து எண் வருவதற்காக அவர் நின்றார்.